கடல் தண்ணீரில் விழுந்த இரண்டு விளக்குகள்

பிள்ளைகளே, முதலில் ஒரு கேள்வி. மீன் தொட்டிக்கு மேலே தொங்கிய மின்சார விளக்கு தொட்டிக்குள் விழுந்துவிட்டது. தொட்டியில் இருப்பது கடல் தண்ணீர். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு விளக்கை வெளியே எடுத்தாயிற்று. சொட்டுச் சொட்டாக வடிகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?

வெயிலில் வைப்போம் என்று ஒருவர் சொல்வீர்கள். துணியால் துடைப்போம் என்பார் இன்னொருவர். அரிசி வாளிக்குள் புதைத்து வைப்போம் என்று வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து ஒரு குரல் வரும். மூன்றுமே பிழை. அதைக் கழற்றித் திறந்து, இன்னும் நிறையத் தண்ணீரில் போட வேண்டும். நல்ல தண்ணீரில். இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. ஏனென்றால் இந்த ஒரு பதிலைப் படிக்க நான் ஒரு பெரிய தவறும் செய்தேன், ஒரு பொய்யும் சொன்னேன்.

என் இரண்டு மகள்களும் சோறு சாப்பிடும் நேரத்தில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். மூத்தவள் இப்போது ஆசிரியை. "வேலையில இருந்துதான் ஓய்வெடுத்துட்டீங்களே அப்பா, சும்மா இருக்கிற நேரத்துல எழுதிக் குடுங்க, என் வகுப்புப் பிள்ளைங்களும் படிக்கட்டும்" என்றாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் அவள் திருத்திக்கொள்வாள். வேலையில் நடந்ததை மட்டும் நான் உள்ளபடி சொல்கிறேன்.

நான் வேலை படித்தது ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில். ஏணி பிடிக்கப் போய், வயர் இழுக்கப் பழகி, கடைசியில் மோட்டர் கழற்றும் அளவுக்கு வந்தேன். அங்கே எங்களுக்கு ஒரே எதிரி மழை. கூரை ஒழுகி மோட்டர் நனைந்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலை காயவைக்கும் ட்ரையரின் வாயருகே வைப்போம். சூட்டுக் காற்று பட்டு அரை நாளில் காய்ந்துவிடும். சுவிட்சைப் போட்டால் மோட்டர் பாடும். நனைந்ததா, சூடு காட்டு. எங்கள் படிப்பு அவ்வளவுதான். அந்தப் படிப்போடு எத்தனையோ மோட்டர்களைப் பிழைக்க வைத்தேன்.

ஃபெக்டரி மூடப்பட்ட பிறகு மாவனல்லையில் ஒரு ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். கண்டி ரோட்டில், மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்த ஒரு நீள அறை. முதலாளி பெயர் ஜௌபர். எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம், நானா என்றால் அண்ணன். ஃபேன், தண்ணீர் மோட்டர், ரைஸ் குக்கர் எல்லாம் வரும். ஆனால் நானாவுக்கு மீன் வளர்ப்பதில் பைத்தியம் என்பதால், ரோட்டோரத்து மீன் கடைகள் எல்லாம் தொட்டி விளக்குகளை அவரிடமே அனுப்பிவைத்தன.

நானா வேலை செய்யும் விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சட்டைக் கையை இரண்டே மடிப்பு மடிப்பார். தோளில் ஒரு துவாய். எதையும் தொடுவதற்கு முன் கையைத் துவாயில் துடைப்பார், பிறகு தன் உள்ளங்கையை ஒருதடவை பார்ப்பார். நனைந்த சாமான் எது வந்தாலும் கொண்டுவந்தவரிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "மழையா, கடலா?" திறந்தவுடன் ஒரு கொப்பித் தாளில் எந்த வயர் எங்கே போகிறது என்று வரைவார். சிவப்பு இங்கே, கறுப்பு அங்கே. சட்டைப் பையில் கமரா வைத்த போன் இருக்கும், ஆனாலும் வரைவார். "போட்டோ எடுத்தா போன் ஞாபகம் வச்சிக்கும். எனக்கு ஞாபகம் ஈக்கணுமே" என்பார். 'இருக்கணும்' அவர் பேச்சில் 'ஈக்கணும்', 'இருக்கு' என்பது 'ஈக்கி'. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. யார் மேலாவது கோபம் வந்தால், பக்கத்துக் கடையிலிருந்து அந்த ஆளுக்கு பால் சேர்க்காத ஒரு பிளேன்டீ வரவழைப்பார். கடையில் நானா டீ வாங்கிக் கொடுத்தால், என்ன பிழை விட்டோம் என்று அந்த ஆள் தேடத் தொடங்குவார்.

சேர்ந்து மூன்று கிழமையில் நான் ஒரு பெட்டி செய்தேன். பெரிய பிஸ்கட் டின்னுக்குள் இரண்டு பல்ப், ஒரு சின்ன ஃபேன். நனைந்த சாமானை உள்ளே வைத்து மூடினால் சூட்டுக் காற்று சுற்றும். ட்ரையருக்குக் குட்டி போட்ட மாதிரி இருந்தது. மழையில் நனைந்த ரேடியோ ஒன்று அதிலே காய்ந்து பாடியபோது, "நல்லா ஈக்கி ராஜு" என்று நானா சொன்னார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நானா ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் நான் தனியே. ஒரு டீச்சர் இரண்டு பெரிய பைகளோடு ஓடிவந்தார். வரக்காப்பொலயிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சிவமலர் மிஸ்.

"ஐயா, ரெண்டு லைட்டும் தொட்டிக்குள்ள விழுந்திட்டுது. காலமை வந்து பார்த்தா கயிறு அறுந்து கிடக்கு. மெயினை நிப்பாட்டிப்போட்டுத்தான் எடுத்தனான்."

"அது நல்ல வேலை மிஸ். கடல் தண்ணியா?"

"ஓம். எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு கடல் தொட்டி இருக்கு."

நான் நம்பவில்லை. கடலே பார்க்காத தோட்டத்தில் கடல் தொட்டியா? மிஸ் மூச்சு விடாமல் சொன்னார். நீர்கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் மீன் லொறி ஒன்று கிழமைக்கு ஒருதடவை இரண்டு கேன் கடல் தண்ணீரைச் சந்தியில் இறக்கிவிட்டுப் போகுமாம். பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்களாம். தொட்டியில் கொஞ்சம் சின்ன மீன்கள், இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கடற்சாமந்தி.

கடற்சாமந்தி பூ இல்லை பிள்ளைகளே, உயிருள்ள விலங்கு. கல்லில் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி விரியும். அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தில் சாப்பாடு செய்து சாமந்திக்குக் கொடுக்கிறது. சாதாரண பல்ப் போதாது, தொட்டியின் அடிவரை போகிற பலமான வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லையென்றால் சாமந்தி பட்டினி. செத்துப்போனால் அழுகித் தண்ணீரைக் கெடுத்து, ஒரே நாளில் மீன் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும்.

"அது ஏற்கனவே வருத்தம் வந்து இப்பத்தான் தேறுது. வெளிச்சம் இல்லாமல் ஒரு கிழமைக்கு மேல தாங்காதாம். புது லைட்டுக்குக் கொழும்பில கேட்டன், ஒரு மாசமாம்" என்றார் மிஸ்.

"கவலைப்படாதீங்க மிஸ். நாளைக்கே ஒண்ணு தாறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? மேசையில் என் பெட்டி இருந்ததே. மிஸ் போனதும் முதல் விளக்கைத் திறந்தேன், தண்ணீரை உதறினேன், பெட்டிக்குள் வைத்து மூடினேன். இரண்டு மணி நேரத்தில் எலும்பு மாதிரிக் காய்ந்துவிட்டது.

நானா வந்தார். இரண்டாவது விளக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "மழையா, கடலா?"

"கடல் நானா."

கையைத் துடைத்தார், உள்ளங்கையைப் பார்த்தார், விளக்கைத் திறந்து வரைந்தார். பிறகு உள்ளே இருந்த இரண்டு தட்டுகளையும் கழற்றினார். ஒன்று, சின்னச் சின்ன எல்.ஈ.டி. பல்புகள் பதித்த தட்டு. மற்றது, கரண்டை அளந்து அதற்குக் கொடுக்கிற தட்டு, ட்ரைவர் என்போம். ஒரு பேசினில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, இரண்டையும் அதற்குள் அமுக்கினார்.

நனைந்ததை மறுபடியும் நனைக்கிறாரே மனுஷன்.

"மத்தது எங்க?"

"அது காய்ஞ்சிருச்சு நானா."

"கழுவின தானே?"

பிள்ளைகளே, இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவன், கழுவ வேண்டும் என்பதே தெரியாதவன் என்று ஆகிவிடுமே என்று நினைத்தேன்.

"கழுவினேன் நானா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மூன்று தடவை தண்ணீர் மாற்றினார். கடைசியாக, கராஜில் விற்கிற பெட்டரித் தண்ணீரை ஊற்றினார். அதில் உப்பும் வேறு எதுவும் கிடையாது. மெதுவான பல் பிரஷால், தட்டில் பற்றவைத்த சின்னக் கம்பிக் கால்களின் ஒவ்வொரு இடுக்கையும் தேய்த்தார். பிறகு சீக்கிரம் ஆவியாகிற ஸ்பிரிட்டில் அலசி, மேசை ஃபேன் முன்னால் சாய்த்து வைத்தார். சூடு இல்லை, வெறும் காற்று. காய்ந்ததும் மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்.ஈ.டி. தட்டு நன்றாக இருந்தது. ட்ரைவர் தட்டில் மட்டும் ஒரு சில்லு, சிப் என்பார்களே, அது கறுத்து வெடித்திருந்தது. கரண்ட் ஓடும்போதே தண்ணீரில் விழுந்ததால் வந்த வினை அது.

என் விளக்கோ சுவிட்சைப் போட்டதும் நீலமும் வெள்ளையுமாக எரிந்தது. சனிக்கிழமை மிஸ் வந்து கையெடுத்துக் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போனார். நான் நானாவின் பேசினை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிறு தொடங்கி மழை விடவில்லை. புதன்கிழமை காலை மிஸ் போன் பண்ணினார். நானா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, டப்பெண்டு ஒரு சத்தம். பள்ளிக்கூடம் முழுக்கக் கரண்ட் போட்டுது. ட்ரிப் சுவிட்ச் தானாக் கரண்டை வெட்டினதால ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. லைட் எரியேல்ல. சாமந்தி ஏற்கனவே ஏலாமல் கிடந்தது, இப்ப சுருங்கிக்கொண்டு போகுது."

நானா போனை வைத்தார். பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பி ஒரு விரலைக் காட்டினார். பிளேன்டீ வந்தது. என் முன்னால் வைத்தார்கள்.

"குடிங்க ராஜு."

குடிக்க முடியவில்லை. "நானா, நான் கழுவல்ல. அப்படியே பெட்டிக்குள்ள வச்சிட்டேன். பொய் சொன்னேன்."

அவர் கையைத் துவாயில் துடைத்தார். "நீங்க சென்னத்த நான் நம்பின. அதனால தொறந்து பாக்கல்ல. பாத்தீந்தா அண்டைக்கே தெரிஞ்சீக்கும். பிழை ரெண்டு பேருக்கும் ஈக்கி. இப்ப டீயைக் குடிங்க, பஸ்ஸுக்கு நேரமாகுது."

நானா கழுவிய நல்ல எல்.ஈ.டி. தட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டோம். நான்கு போத்தல் பெட்டரித் தண்ணீர், ஸ்பிரிட், பிரஷ், மீட்டர், பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சாதாரண பல்ப். வரக்காப்பொல வரை பஸ், அங்கிருந்து த்ரீவீல். ரப்பர் மரங்களில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

வகுப்பறையில் முப்பது பிள்ளைகள் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சாமந்தியைப் பார்த்தேன். பிழிந்து போட்ட துணி மாதிரி கிடந்தது. ஒரு ஓரம் கல்லை விட்டுக் கிளம்பியிருந்தது. இரண்டு கோமாளி மீன்களும் அதற்கு மேலே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தன, உள்ளே போக இடம் தேடுவது போல.

"நாளைக்கும் இப்பிடிக் கிடந்தா எடுத்து வெளியில போடவேணும் ஐயா. இல்லாட்டி எல்லாம் போயிடும்" என்று மிஸ் மெல்லச் சொன்னார், பிள்ளைகளுக்குக் கேட்காமல்.

நானா கரும்பலகைச் சோக்கால் தரையில் ஒரு கோடு போட்டார். "கோட்டுக்கு அங்கால எல்லாரும். அங்க ஈந்து பாத்தாலும் நல்லாத் தெரியும்." பிறகு என்னைப் பார்த்தார். "தொறங்க."

நான் காயவைத்த விளக்கைத் திறந்தேன். எல்.ஈ.டி. தட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கீழே செம்புக் கோடுகள் பச்சையாகி அரித்துப்போயிருந்தன. அது முடிந்த கதை. ட்ரைவர் தட்டிலும் உப்பு, ஃபியூஸ் எரிந்திருந்தது, ஆனால் சில்லுகள் கறுக்கவில்லை. இதிலிருந்து ட்ரைவர், அதிலிருந்து எல்.ஈ.டி. தட்டு. இரண்டு கெட்ட விளக்கில் இருந்து ஒரு நல்ல விளக்கு. முடிந்தால் இன்றைக்கே முடிய வேண்டும்.

முன்னால் நின்ற ஒரு சிறுமி கேட்டாள். "அங்கிள், காய வச்சா ஈரம் போயிருமே. பிறகு எப்படிக் கெட்டுச்சு?"

"மழை காலத்துல வீட்டுல உப்புப் போத்தலைத் தொறந்து பாத்திருக்கியாம்மா?"

"கட்டியா இருக்கும். நசநசன்னு இருக்கும்."

"யாரு அதுல தண்ணி ஊத்தினது?"

யோசித்தாள். "யாரும் ஊத்தல்ல."

"அதுதான். உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். நான் தண்ணியை மட்டும்தான் காய வச்சேன். உப்பு உள்ளேயே இருந்துச்சு. மழை வந்ததும் மறுபடி நனைஞ்சுருச்சு. கழுவியிருந்தா உப்பு போயிருக்கும். கழுவாமலே கழுவினேன்னு நானாகிட்டப் பொய் சொல்லிட்டேன். உங்க லைட்டு கெட்டதுக்கு நான்தான் காரணம்."

மிஸ் திரும்பிப் பார்த்தார். நானா குனிந்து வரைந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான்.

"அடி விழுந்துச்சா அங்கிள்?"

"இல்லப்பா. டீ வாங்கிக் குடுத்தாரு."

வகுப்பே சிரித்தது. நானாவின் தோளும் குலுங்கியது.

ட்ரைவர் தட்டில் மிச்சக் கரண்ட் தங்கியிருக்கும், அதை முதலில் இறக்கினேன். பிறகு வெளியே வைத்துப் பிடித்த மழைத் தண்ணீர் வாளி, அதில் உப்பு இல்லை. ஒருதடவை அலசி, அந்தத் தண்ணீரில் மீட்டரின் இரண்டு கம்பியையும் வைத்தேன். உப்பு இருந்தால் தண்ணீர் கரண்டைத் தன் வழியே போகவிடும், எண் சின்னதாக இருக்கும். உப்புப் போகப் போக எண் ஏறும். மீட்டரைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு அலசலுக்கும் முப்பது குரல் எண்ணைச் சொன்னது. "ஏறிருச்சு அங்கிள், இன்னும் ஏறுது." நான்காவது தடவை பெட்டரித் தண்ணீர். பிரஷால் தேய்த்தேன். இன்னொரு போத்தல். போத்தலில் மிஞ்சிய சுத்தத் தண்ணீரில் மீட்டர் வைத்தால் காட்டும் எண்ணுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

ஸ்பிரிட்டில் அலசி ஃபேன் முன்னால் வைத்தேன். மிஸ்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பள்ளிக்கூட அடுப்படியில நெருப்பு இருக்கு. கொஞ்சம் காட்டுவமே?"

நானாவும் நானும் ஒரே நேரத்தில் "வேணாம்" என்றோம், ஸ்பிரிட்டில் நெருப்புப் பிடிக்குமே.

பள்ளி விடும் மணி அடித்தது. ஒருவரும் போகவில்லை. பிள்ளைகளைத் தேடிவந்த அம்மாமார், மழையால் ரப்பர் பால்வெட்டு இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள், அவர்களும் வாசலில் நின்றுவிட்டார்கள். "என்னடி நடக்குது?" என்று ஒரு அம்மா கேட்க, "சத்தம் போடாதம்மா, காயுது" என்றாள் மகள். மூன்று மணி நேரம் ஒரு தட்டு காய்வதை இத்தனை பேர் பார்த்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

புது ஃபியூஸ் போட்டேன். இரண்டு தட்டையும் நானா வரைந்த தாளைப் பார்த்து இணைத்தேன். இப்போது அந்தச் சாதாரண பல்ப். கரண்ட் வரும் பாதையில் அதை நடுவில் மாட்டினோம். உள்ளே பிழை இருந்தால் பல்ப் முழுதாக எரிந்து கரண்டைத் தான் வாங்கிக்கொள்ளும், விளக்கு பொசுங்காது. பிழை இல்லையென்றால் பல்ப் மங்கிவிடும்.

நான் ஒதுங்கி நின்றேன். நானா தலையை ஆட்டினார். "நீங்க போடுங்க."

சுவிட்சைத் தட்டினேன். பல்ப் பளீரென்று எரிந்தது.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நான் சுவிட்சை நிறுத்தக் கையை நீட்டினேன். அடுத்த நொடி பல்ப் மங்கியது, சிவந்தது, நூல் மாதிரி ஒரு கோடாகி நின்றது. முதல் நொடியில் ட்ரைவர் கரண்டை இழுத்துத் தன்னை நிரப்பிக்கொண்டதுதான் அந்தப் பளீர். எல்.ஈ.டி. தட்டிலிருந்து நீல வெளிச்சம் சுவரெல்லாம் பரவியது. முப்பது பிள்ளைகளின் முகமும் நீலம். நானா மீட்டரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

இந்தத் தடவை கயிறு இல்லை. இரண்டு சங்கிலி போட்டு, கீழே கண்ணாடி மூடி வைத்துக் கட்டினோம். பட்டினி கிடந்த உயிருக்கு முதல் நாளே முழு வெளிச்சம் ஆகாது என்று நானா கால்வாசிக்குக் குறைத்துவைத்தார். சாமந்தி அசையவில்லை. "இனி அதுட பாடு" என்றார் நானா. நாங்கள் பஸ் ஏறினோம்.

வியாழன் போன் இல்லை. வெள்ளி இல்லை. போனை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று தெரியாது. சனிக்கிழமை காலை, ஒரு விளக்கின் தட்டைத் திறந்து மேசையில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. நானா ஸ்பீக்கரில் போட்டார்.

மிஸ் பேசவில்லை. பிள்ளைகள்தான். சனிக்கிழமையும் பள்ளிக்கு வந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். விரிஞ்சிருச்சு, இல்ல பாதி, இல்ல முழுசா, கல்லைப் பிடிச்சிருச்சு, அங்கிள் மீன் உள்ள போயிருச்சு, ரெண்டும் போயிருச்சு, வாலு மட்டும் தெரியுது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நானா போனைத் தன் பக்கம் இழுத்து, "கேக்குது மக்காள், நல்லாக் கேக்குது" என்றார். பிறகு மறுகையால் என் முன்னால் இருந்த தட்டை மெதுவாக நகர்த்தினார்.

"ராஜு, அழுறண்டா அங்கால போய் அழுங்க. தட்டுல உப்புத் தண்ணி விழுகுது."